கோசாங்கா பள்ளத்தாக்கில் மூன்று நாள்: சிறு ஈப்பிடிப்பான்களை அடையாளம் காணக் கற்றுத்தரும் ஒரு வழிகாட்டிச் சேவை

ஆண்டிஸ் மலைத்தொடரின் கிழக்குச் சரிவில், சுமார் 2,000 மீட்டர் உயரத்தில், பாசி போர்த்திய ஒரு கிளைக்குச் சிறு பறவையொன்று வந்து அமர்கிறது. தலை சாம்பல் நிறம், கன்னத்தில் கரும்பிறை, இறக்கையின் குறுக்கே இரண்டு வெளிர்ந்த பட்டைகள், வயிறு மஞ்சள். மூன்று நொடி இருந்துவிட்டு இலைகளுக்குள் மறைந்துவிடுகிறது. இந்த நான்கு அடையாளங்களையும் வைத்துக்கொண்டு கையேட்டைத் திறந்தால் ஐந்தாறு இனங்கள் அடுத்தடுத்த பக்கங்களில் நிற்கும், ஓவியத்தில்கூட அவற்றைப் பிரித்தறிவது கடினம். எக்குவடோர் நாட்டின் மேகக்காடுகளுக்கு முதல் முறை போனபோது இத்தகைய பறவைகள் பதினொன்றைப் பார்த்து, ஒன்றுக்கும் பெயர் எழுத முடியாமல் திரும்பினேன். இரண்டாம் முறை, சிறு ஈப்பிடிப்பான்களை மட்டுமே எடுத்துக்கொண்டு மூன்று நாள் காட்டில் வைத்துக் கற்றுத்தரும் ஒரு வழிகாட்டிச் சேவையில் பணம் கட்டிச் சேர்ந்தேன். அந்தச் சேவையைப் பற்றியதே இம்மதிப்புரை. நிறையோடு குறையையும் சொல்ல வேண்டியிருப்பதாலும், அது ஒரு குடும்பம் நடத்தும் சிறு தொழில் என்பதாலும் பெயரைக் குறிப்பிடவில்லை. அந்தப் பள்ளத்தாக்கில் இத்தகைய சேவை தருவோர் வேறு சிலரும் உள்ளனர். யாரிடம் போவதானாலும் எதை எதிர்பார்க்கலாம், எதைக் கேட்டுப் பெற வேண்டும் என்பது இதிலிருந்து தெரிந்தால் போதும்.

இடத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தலைநகர் குயிட்டோவிலிருந்து கிழக்கே புறப்படும் சாலை, பாப்பயாக்தா கணவாயில் 4,000 மீட்டருக்கு மேல் ஏறி, பின்னர் அமேசான் பக்கமாக இறங்குகிறது. பாயேசா ஊரைத் தாண்டித் தெற்கே டேனா செல்லும் பாதையில் திரும்பினால் கோசாங்கா ஆற்றுப் பள்ளத்தாக்கு. அதற்கு அப்பால் குவாகமாயோஸ் மலைமுகடு. முகட்டைக் கடந்தால் சாலை மீண்டும் வேகமாக இறங்கி நாருபா அருகே சுமார் 1,200 மீட்டருக்கு வந்துவிடும். ஒரே சாலையில் ஓரிரு மணி நேரப் பயணத்தில் ஆயிரம் மீட்டர் உயர வேறுபாடு கிடைக்கிறது. இந்தச் சேவையின் திட்டம் முழுவதும் அந்த வேறுபாட்டின் மீதே கட்டப்பட்டிருக்கிறது: முதல் நாள் பள்ளத்தாக்கு, இரண்டாம் நாள் முகடு, மூன்றாம் நாள் தாழ்சரிவு. ஏன் இந்த வரிசை என்பது மூன்றாம் நாள்தான் எனக்கு முழுதாக விளங்கியது.

ஈப்பிடிப்பான் என்ற சொல்லைப் பற்றியும் ஒரு விளக்கம் தேவை. நாம் அப்படி அழைக்கும் பழைய உலகப் (ஆசிய, ஐரோப்பிய, ஆப்பிரிக்க) பறவைகளுக்கும் இவற்றுக்கும் நெருங்கிய உறவில்லை. இவை டைரன்னிடே என்னும், அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழும் குடும்பத்தைச் சேர்ந்தவை. 400-க்கும் மேற்பட்ட இனங்களைக் கொண்ட மிகப் பெரிய பறவைக் குடும்பம் அது. இவற்றுக்குத் தமிழில் நிலைத்த பெயர்கள் இல்லாததால், ஆங்கிலப் பெயரை ஒருமுறை தமிழ் எழுத்தில் தந்துவிட்டு, என் குறிப்பேட்டில் நான் வைத்துக்கொண்ட பெயர்களையே இங்கே பயன்படுத்துகிறேன். இக்கட்டுரையின் நடுநாயகர்கள் இருவர். ஒன்று மார்பிள் ஃபேஸ்டு பிரிசில் டைரன்ட். முகத்தில் வெண்மையும் கருமையும் பொடிப்பொடியாகக் கலந்திருப்பதால் பளிங்குமுகன். மற்றொன்று வேரியகேட்டட் பிரிசில் டைரன்ட்; இறக்கைப் பட்டைகள் மஞ்சளாக இல்லாமல் செம்பழுப்பாக இருப்பதால் செம்பட்டையன். இரண்டும் போகோனோட்ரிக்கஸ் பேரினத்தைச் சேர்ந்தவை. சில நூல்கள் இவற்றை ஃபைலோஸ்கார்ட்டஸ் பேரினத்தில் வைத்திருக்கும். இரண்டும் சுமார் பதினொன்றரை சென்டிமீட்டர் நீளமே உள்ளவை. எக்குவடோரில் பளிங்குமுகன் எளிதில் கிடைப்பது, செம்பட்டையன் அரிது. ஸ்பானிய மொழியில் இவற்றை ஓரெஹெரீத்தோ என்கிறார்கள், சிறு காதன் என்று பொருள். கன்னத்துக் கரும்பிறையைப் பார்த்துத்தான் அந்தப் பெயர் வந்திருக்க வேண்டும் என்பது பறவையை நேரில் பார்த்ததும் தோன்றும்.

முதல் நாள் காலை ஐந்தரை மணிக்கு விடுதி வாசலில் வழிகாட்டி காத்திருந்தார். குழுவில் நான்கு பேருக்கு மேல் சேர்ப்பதில்லை என்பது அவர்கள் விதி. அன்று மூவர் இருந்தோம். நடக்கத் தொடங்குமுன் அவர் சொன்ன முதல் செய்தி, அன்று முழுவதும் தாமாக எந்தப் பறவையின் பெயரையும் சொல்லமாட்டார் என்பதுதான். பறவை தெரிந்ததும் நாங்கள் வரிசையாகச் சில கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும்: எப்படி உட்கார்ந்திருக்கிறது, நிமிர்ந்தா படுத்தாற்போலவா, தனியாகவா கூட்டத்தோடா, தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில், இறக்கையை என்ன செய்கிறது, அலகு நீண்டதா குட்டையா, கடைசியாகத்தான் நிறம். நிறத்தைக் கடைசியில் வைத்தது எனக்கு முதலில் விசித்திரமாகப்பட்டது. கையேடுகள் நம்மைப் பழக்கியிருப்பது அதற்கு நேர்மாறாக அல்லவா!

பயிற்சிக்கு அவர் தேர்ந்தெடுத்தது இலவங்கப்பட்டை நிறத்திலிருக்கும் சின்னமன் ஃபிளைகேட்சர். யாரும் தவறாகச் சொல்லிவிட முடியாத பறவை அது. உடம்பு முழுவதும் செம்பழுப்பு. காட்டோரத்தில் தாழ்வான கிளையில் உட்கார்ந்து, பூச்சியைப் பிடிக்கத் தாவிப் பறந்து, திரும்ப அதே கிளைக்கே வந்துவிடும். தெரிந்த பறவையையே இருபது நிமிடம் பார்க்கச் சொன்னபோது எங்களில் ஒருவருக்குப் பொறுமை போய்விட்டது. ஆனால் அந்த இருபது நிமிடத்தில்தான் நிமிர்ந்து உட்காருதல் என்றால் என்ன, வாலை எப்போது நடுக்குகிறது, இரையைப் பிடித்துத் திரும்பும்போது இறக்கையை எப்படி மடக்குகிறது என்பதெல்லாம் கண்ணில் படியத் தொடங்கின. தெரிந்த பறவையின் உடல்மொழி பழகிவிட்டால், தெரியாத பறவையிடம் எது வேறுபடுகிறது என்பது தானாகத் தெரிகிறது. சேவையின் மிகச் சிறந்த பகுதி எது என்று என்னைக் கேட்டால் இந்த இருபது நிமிடத்தைத்தான் சொல்வேன்.

அதன் பின்னர் அவர் காட்டித்தந்த ஒப்பீடு ஒன்றை இன்றும் மறக்கவில்லை. ஃபிளேவசன்ட் ஃபிளைகேட்சர், ஹேண்ட்சம் ஃபிளைகேட்சர் என்ற இரண்டும் பார்வைக்கு உறவினர்போல் இருக்கும். இரண்டுமே முன்பு மையோஃபோபஸ் என்ற ஒரே பேரினத்தில்தான் இருந்தன. 2009-இல் இரண்டாவதையும் அதன் உறவினங்கள் இரண்டையும் பிரித்து நெஃபலோமையாஸ் என்ற புதிய பேரினத்தில் வைத்தார்கள். மேகத்து ஈப்பிடிப்பான் என்று பொருள் கொள்ளலாம். அந்தக் காட்டுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் இருக்க முடியாது. வழிகாட்டி இவற்றைப் பிரித்தறிய மார்பு நிறத்தைத் தொடவே இல்லை. அடர்ந்த கீழ்த்தளத்தில் தனியாகவோ இணையாகவோ சத்தமின்றி உட்கார்ந்திருந்தால் முதலாவதை நினையுங்கள், மேலே மரத்தலையில் கலப்புக் கூட்டத்தோடு சிறு குழுவாக நகர்ந்தால் இரண்டாவதை நினையுங்கள், பின்னர் மார்பின் காவிநிறத்தைப் பார்த்து உறுதிசெய்யுங்கள் என்றார். இருநோக்கியை உயர்த்துமுன்பே பாதி வேலை முடிந்துவிடுகிறது.

கலப்புக் கூட்டம் என்பதைப் பார்க்காதவர்களுக்கு அதை விளக்குவது கடினம். அரை மணி நேரம் காடு வெறிச்சோடிக் கிடக்கும். திடீரென்று தலைக்கு மேல் இருபது முப்பது பறவைகள் ஒரே திசையில் இலைதோறும் துழாவிக்கொண்டு போகும். நான்கைந்து நிமிடத்தில் மீண்டும் அமைதி. டானேஜர்கள், வண்ணமிகு கதிர்க்குருவி வகைகள், மரமேறிகள் எல்லாம் அதில் இருக்கும். அவற்றின் பளபளப்புக்கு நடுவே பச்சையும் மஞ்சளுமாய் நம் சிறு ஈப்பிடிப்பான்களும் இருக்கும். கண் இயல்பாகவே பளபளப்பின் பக்கம் போய்விடும். கூட்டம் வரும்போது ஒவ்வொருவரும் ஒரே பறவையை மட்டும் பிடித்துக்கொண்டு அது மறையும்வரை விடக்கூடாது, மற்றதெல்லாம் போனால் போகட்டும் என்பது வழிகாட்டியின் கட்டளை. நான்கு நிமிடத்தில் பத்துப் பறவைகளை அரைகுறையாகப் பார்ப்பதற்குப் பதில் ஒன்றை முழுதாகப் பார்த்தேன். முதல் நாள் மாலை என் குறிப்பேட்டில் ஈப்பிடிப்பான்கள் ஆறு மட்டுமே இருந்தன. ஆறிலும் எனக்கு ஐயமில்லை.

அன்று கிடைத்த பளிங்குமுகனைக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன். வந்தமர்ந்தது கண்மட்டத்துக்குச் சற்று மேலே, பத்து மீட்டர் தொலைவில். நிமிர்ந்தாற்போன்ற அமர்வு, உறவினமான மற்ற சில சிறு ஈப்பிடிப்பான்கள் உடம்பைக் கிடையாக வைத்து வாலைத் தூக்கிக்கொண்டு திரியும், இது அப்படிச் செய்யவில்லை. கண்ணைச் சுற்றியும் அலகின் அடியிலும் வெள்ளைப் பொடி தூவியதுபோல் இருந்தது; காதுப் பகுதியின் பின்விளிம்பில் கரும்பிறை, பிறைக்கு முன்னே ஒரு வெளிர்திட்டு. அலகு சிறியது, முழுக்கக் கறுப்பு. அலகோரத்தில் நீட்டிக்கொண்டிருந்த முள்மயிர்கள் எதிர்வெளிச்சத்தில் தெரிந்தன. போகோனோட்ரிக்கஸ் என்ற பெயரின் முதற்பகுதிக்குத் தாடி என்று பொருள், அது இந்த முள்மயிர்களைக் குறிப்பது. பூச்சிகளை வலைபோல் அள்ள இவை உதவுகின்றன என்று நெடுங்காலம் நினைத்தார்கள். கண்ணைக் காக்கவே பயன்படுகின்றன என்பதற்குச் சோதனைச் சான்றுகள் பின்னர் கிடைத்தன. வழிகாட்டி இதைச் சொன்னபோது பறவை இன்னும் அங்கேயே இருந்தது. காட்டில் நின்று கேட்கும் விளக்கத்துக்கு உள்ள மதிப்பு அதுதான்.

மாலையில் ஒரு மணி நேரம் குரல் பயிற்சி. இதற்காகவே தனியாகப் பணம் கொடுக்கலாம் என்பேன். டைரன்னிடே குடும்பம் சபாசின் என்னும் பெரும்பிரிவைச் சேர்ந்தது. கூட்டத்தில் உடன் வரும் டானேஜர்கள் போன்ற பாடும் பறவைகள் தம் பாட்டை மூத்த பறவைகளிடம் கேட்டுக் கற்கின்றன, அதனால் ஊருக்கு ஊர் வட்டாரவழக்குகூட உண்டு. ஈப்பிடிப்பான்களின் பாட்டோ பெரும்பாலும் பிறவியிலேயே வருவது. டொனால்ட் குரூட்ஸ்மாவும் மசகாசு கொனிஷியும் 1991-இல் வெளியிட்ட ஆய்வில், வட அமெரிக்காவின் கிழக்கு ஃபீபி என்னும் ஈப்பிடிப்பானின் இளம்பறவைகள் செவிப்புலன் நீக்கப்பட்ட பின்பும் தம் இனத்தின் பாட்டை இயல்பாகப் பாடின என்று காட்டினார்கள். அடையாளம் காண்பவருக்கு இது பெரும் வரம். நிறம் வெளிச்சத்துக்கு ஏற்ப மாறும், இறகு தேய்ந்து வெளிறும். குரலில் அந்த ஏமாற்று மிகக் குறைவு. அன்று ஆறு இனங்களின் பதிவுகளை, பெயர் சொல்லாமல், கலைத்துக் கலைத்துக் கேட்கவைத்தார். மெர்லின் செயலியில் எந்தப் பதிவை எதனோடு ஒப்பிட்டுக் கேட்பது என்றும் காட்டினார். கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் அந்தச் செயலியில் 2021-இல் ஒலி அடையாளம் காணும் வசதி வந்தபின் இந்தப் பயிற்சி எளிதாகிவிட்டது என்றும், ஆயினும் நடக்கும்போது கைபேசி பைக்குள்தான் இருக்க வேண்டும் என்றும் சொன்னார். முதலில் காது சொல்லட்டும், பிறகு கைபேசியைக் கேளுங்கள் என்பது அவர் முறை. எனக்கு அது முற்றிலும் சரியாகப்பட்டது.

இரண்டாம் நாளில்தான் குறை வருகிறது. காலையில் வந்தவர் வேறொருவர். முதல் நாள் வழிகாட்டிக்கு அவசர வேலை வந்துவிட்டதாகச் சொன்னார்கள். முன்பதிவு செய்தபோதோ முந்தைய மாலையிலோ இதைப்பற்றி ஒரு சொல் இல்லை. மாற்று வழிகாட்டிக்குப் பறவைகள் நன்றாகத் தெரியும், அதில் ஐயமில்லை. ஆனால் அவருக்குத் தெரிந்தது எங்களுக்கு வந்துசேரவில்லை. இலை அசைந்ததுமே பெயர் சொல்லிவிடுவார். நாங்கள் இருநோக்கியை உயர்த்துமுன் அடுத்த பெயர் வந்துவிடும். குவாகமாயோஸ் பாதையில் காலை ஒன்பது மணிக்குள் பதினான்கு இனங்கள் அறிவிக்கப்பட்டன; அவற்றில் நான் என் கண்ணால் உறுதிசெய்தவை நான்கு.

அதைவிட வருத்தியது ஒலிபெருக்கி. மறைந்திருக்கும் பறவையை வரவழைக்க அதன் குரல்பதிவை ஒலிக்கவிடுவது எல்லா நாட்டு வழிகாட்டிகளும் செய்வதுதான். முதல் நாள் வழிகாட்டி ஒரு பறவைக்கு இருமுறைக்கு மேல் ஒலிக்கவிடவில்லை. விடை வந்ததும் நிறுத்திவிட்டார். கூடு இருக்கும் இடத்தில் எடுக்கவே இல்லை. இவரோ ரூஃபஸ் ஹெடட் பிக்மி டைரன்ட் என்ற, புதருக்குள் வாழும் செந்தலைக் குட்டிப் பறவைக்காகத் தொடர்ந்து பத்து நிமிடத்துக்கு மேல் ஒலிக்கவிட்டார். அது எங்களைச் சுற்றிச் சுற்றி வந்து அலகைச் சொடுக்கிக்கொண்டே இருந்தது. தன் எல்லைக்குள் எதிரி நுழைந்துவிட்டதென்று அது இரைதேடுவதை விட்டுவிட்டு அலைவதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. நிறுத்தச் சொன்னேன், நிறுத்தினார். பணம் கட்டியவர்கள் பார்க்காமல் போய்விடக்கூடாதே என்ற அக்கறையில்தான் அவர் அப்படிச் செய்தார் என்பது புரிகிறது. ஆனாலும் சேவையின் விதி ஒருவருக்கு ஒன்று, மற்றவருக்கு ஒன்று என்று இருக்கக்கூடாது.

திரும்பும் வழியில், முகட்டிலிருந்து கொஞ்சம் இறங்கிய இடத்தில், அந்தப் பறவை வந்தது. மூடுபனி விலகி, சாய்ந்த வெயில் மரத்தலையில் விழுந்த நேரம். மாற்று வழிகாட்டி கையை நீட்டிச் செம்பட்டையன் என்றார். சாம்பல் தலை, கன்னப் பிறை, மஞ்சள் வயிறு எல்லாம் இருந்தன. இறக்கைப் பட்டைகள் செம்பழுப்பாகவே தெரிந்தன. மூன்று படம் எடுத்தேன். எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டோம். என் பயணத்தின் நோக்கமே அந்தப் பறவைதான் என்பதால், அன்று மதியச் சோற்றின் சுவைகூட எனக்கு நினைவில்லை.

மாலையில் முதல் நாள் வழிகாட்டி விடுதிக்கு வந்து, இல்லாமற்போனதற்கு மன்னிப்புக் கேட்டார். படங்களைக் காட்டினேன். நெடுநேரம் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்: கீழலகு என்ன நிறம்? மூன்று படத்திலும் பறவை முகத்தை அப்பால் திருப்பியிருந்தது. ஒன்றில் அலகின் மேற்புறம் மட்டும் தெரிந்தது. செம்பட்டையனுக்குக் கீழலகு மஞ்சள் கலந்த ஆரஞ்சு நிறம். பளிங்குமுகனுக்கு அலகு முழுவதும் கறுப்பு. தாழ்ந்த வெயிலில் பளிங்குமுகனின் மஞ்சள் பட்டைகளும் காவியேறித் தெரியும் என்று சொல்லி, அதே படத்தில் பக்கத்துக் கிளையைச் சுட்டிக்காட்டினார். பச்சையாக இருக்க வேண்டிய பாசி அங்கே செம்பொன்னாக மின்னியது. ஒளி முழுவதுமே சிவந்திருந்தது. வயிற்றின் மஞ்சளும் கையேட்டில் உள்ளதைவிடக் காவியாக இருப்பதை நானும் அப்போதுதான் கவனித்தேன். செம்பட்டையன் அல்ல என்றும் அவர் சொல்லவில்லை. அதுவேதான் என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்றார். பறவை பார்ப்போர் தம் பதிவுகளை இடும் ஈபேர்ட் தளத்தில் இனம் உறுதியாகாத பறவையைப் பேரினத்தோடு நிறுத்திப் பதிய இடமிருக்கிறது. அப்படிப் பதிவதில் குறைவேதும் இல்லை என்று சொல்லி, என் குறிப்பேட்டில் இருந்த பெயரை நானே அடிப்பதற்குப் பேனாவை நீட்டினார். வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் பணம் கட்டிய வாடிக்கையாளரின் மகிழ்ச்சியைக் கெடுத்தாலும் பரவாயில்லை என்று பறவையின் பக்கம் நின்ற அந்த மனிதர் மீது எனக்கு ஏற்பட்ட மதிப்பு அதைவிடப் பெரிது.

மூன்றாம் நாள் அவரே வந்தார். முகட்டைக் கடந்து நாருபாப் பக்கம் இறங்கினோம். மேலே கோசாங்காவில் கூட்டத்தோடு வரும் லெப்டோபோகன் பேரினத்துப் பறவை, முகமும் மார்பும் செம்பழுப்பாக இருக்கும் ரூஃபஸ் பிரெஸ்டட் ஃபிளைகேட்சர். சரிவில் இறங்க இறங்க அது மறைந்து, அதன் இடத்தில் ஸ்லேட்டி கேப்டு ஃபிளைகேட்சர் வருகிறது. நான் வைத்த பெயர் சிலேட்டுத் தலையன். உறவினங்கள் உயரத்தைப் பங்கிட்டுக்கொண்டு ஒன்றின் இடத்தில் மற்றொன்று வாழ்வது ஆண்டிஸில் பரவலாகக் காணப்படுவது. திட்டத்தை உயர அடிப்படையில் வகுத்ததன் காரணம் அப்போது புலப்பட்டது. இந்தச் சிலேட்டுத் தலையனோ பளிங்குமுகனின் பெரிய அண்ணன் போலவே இருக்கும்: அதே சாம்பல் தலை, அதே பொடித்த முகம், அதே கன்னப் பிறை, அதே மஞ்சள் வயிறு. நீளத்தில் இரண்டு சென்டிமீட்டர் அதிகம், அலகும் நீண்டது. ஆனால் தனியாக ஒரு பறவையைப் பார்க்கும்போது இரண்டு சென்டிமீட்டரை எதோடு வைத்து அளப்பது?

எட்டு மணியளவில் ஓடைக்கரையில் அரைநிழலில் ஒரு பறவை வந்து அமர்ந்தது. வழிகாட்டி பேசவில்லை. முகம் இலைக்குப் பின்னால் இருந்தது; எனக்குத் தெரிந்தது முதுகும் இறக்கையும்தான். நிமிர்ந்த அமர்வு. கீழ்த்தளம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஓர் இறக்கையை மட்டும் முதுகுக்கு மேல் உயர்த்தி மடக்கியது. கொஞ்சம் கழித்து மற்றதை. ஒரு நேரத்தில் ஓர் இறக்கையை மட்டும் இப்படிச் சொடுக்குவது லெப்டோபோகன்களின் வழக்கம்; பழம் தின்னும் மையோனெக்டஸ் ஈப்பிடிப்பான்களுக்கும் இந்தப் பழக்கம் உண்டு, ஆனால் அவற்றின் இறக்கையில் தெளிவான பட்டைகள் இருக்காது. இங்கே இரண்டு பட்டைகளும் தெளிவாக இருந்தன. உயரமும் 1,200 மீட்டர். சிலேட்டுத் தலையன் என்றேன். வழிகாட்டி தலையசைக்கவுமில்லை, மறுக்கவுமில்லை. பறவை ஒரு தாவு தாவி வெளிக்கிளைக்கு வந்தது. தலை, பொடித்த முகம், பிறை எல்லாம் தெரிந்தன. உடனே கூர்மையாக ஒரு குரல் கொடுத்து, அந்தக் குரலின் கடைசியில் ஒரு நடுக்கத்தையும் சேர்த்து முடித்தது. முதல் நாள் மாலையில் கலைத்துக் கலைத்துக் கேட்ட ஆறு குரல்களில் அதுவும் ஒன்று.

அன்று பகல் முழுவதும் செம்பட்டையனைத் தேடினோம், கிடைக்கவில்லை. சாம்பல் தலையும் கன்னப் பிறையும் கொண்ட இன்னொரு பறவையான ஆஷி ஹெடட் டைரன்யுலட் மட்டும், திரும்பி ஏறும்போது சாலையோர மரத்தலையில் ஓரிரு நிமிடம் நின்று காட்டியது. தலையில் நீலச் சாயல், குட்டையான அலகு, மார்பில் மெல்லிய கோடுகள். முதல் பயணத்தில் நான் பெயரெழுதாமல் விட்ட பதினொன்றில் இரண்டாவது இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் நினைவை வைத்து எழுதுவதில்லை என்று முடிவுசெய்துவிட்டதால் எழுதவில்லை.

கட்டணம் ஒருவருக்கு நாளொன்றுக்கு 140 டாலர். எக்குவடோரில் 2000-ஆம் ஆண்டு முதல் அமெரிக்க டாலரே புழக்கத்தில் உள்ளது. வண்டியும் மதியச் சாப்பாடும் இதில் அடக்கம், தங்குமிடம் தனி. மலிவு என்று சொல்லமாட்டேன். முதல் நாளுக்கும் மூன்றாம் நாளுக்கும் இரட்டிப்புக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன். இரண்டாம் நாளுக்குப் பாதி கொடுத்திருந்தால் சரியாக இருந்திருக்கும். குறையைச் சொன்னதும் அவர்களாகவே இரண்டாம் நாள் கட்டணத்தில் நான்கில் ஒரு பங்கைத் திருப்பித் தந்தார்கள் என்பதையும் பதிவுசெய்ய வேண்டும். மற்றபடி, பயிற்சியில் பயன்படுத்தும் குரல்பதிவுகளின் பட்டியலை ஒரு வாரம் முன்பே அனுப்பிவைத்தால் வருபவர்கள் காதைப் பழக்கிக்கொண்டு வரலாம். இதை அவர்களிடமும் சொன்னேன். மழைக்காலணி விடுதியிலேயே கிடைக்கும், ஆனால் பெரிய அளவுகள் கைவசம் இல்லை.

கருவிகளில் எட்டு மடங்கு பெருக்கமும் 42 மில்லிமீட்டர் வில்லையும் கொண்ட இருநோக்கி இந்தக் காட்டுக்குப் போதும். பத்து மடங்கு வைத்திருந்த எங்கள் குழுவினர் ஒருவர், பறவையைப் பார்வைக்குள் கொண்டுவருவதற்குள் அது பறந்துவிடுகிறது என்று இரண்டு நாளும் வருந்தினார். காட்டின் இருளில் பெருக்கத்தைவிட வெளிச்சமும் அகன்ற பார்வைப்புலமும் உதவுகின்றன. கிழக்குச் சரிவில் மழையே இல்லாத மாதம் என்று ஒன்றில்லை. ஜூன், ஜூலையில் மழை கடுமை. நான் போனது நவம்பரில். மூன்று நாளில் இரண்டு பிற்பகல்கள் மட்டும் மழையில் போயின.

ஒரே பயணத்தில் நூற்றுக்கணக்கான இனங்களைக் குறித்துக்கொள்ள விரும்புவோருக்கு இச்சேவை ஏற்றதன்று. மூன்று நாளில் நான் எழுதிய ஈப்பிடிப்பான்கள் பதினேழு. அதே நாட்களில் அதே சாலையில் வேகமாகப் போன வேறொரு குழு ஏறக்குறைய இருமடங்கு எழுதியதாகச் சொன்னார்கள். ஒரு பறவையைப் பார்த்து, ஏன் அது அதுதான் என்று தமக்குத்தாமே விடை சொல்லிக்கொள்ள விரும்புவோர் தயங்காமல் போகலாம். போவோர் முன்பதிவின்போது இரண்டை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்: மூன்று நாளும் ஒரே வழிகாட்டிதானா என்பது ஒன்று, குரல்பதிவை எத்தனை முறை ஒலிக்கவிடுவார்கள் என்பது மற்றொன்று.

அடுத்த நவம்பருக்கு மீண்டும் பதிவு செய்திருக்கிறேன், இம்முறை முகட்டுக்குக் கீழுள்ள அந்த வளைவுக்கு மட்டும் இரண்டு காலைகள். குறிப்பேட்டில் அந்தப் பறவைக்கு எதிரே செம்பட்டையன் என்ற சொல் அடிபட்டு, பக்கத்தில் போகோனோட்ரிக்கஸ், இனம் தெரியவில்லை, கீழலகு பார்க்கவில்லை என்று எழுதியிருக்கிறது.